ஒற்றை எண் அலுவலர்

ஊஞ்சப்பாளையம் கோழிப்பண்ணையின் வாசலில் ஜீப் நிற்பதற்கு முன்பே ஹேமாவதிக்குக் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். பிரயோசனமில்லை. அமோனியாவுக்குக் கண்ணாடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கண் எரிவது சான்று ஆகாது என்று விதி இருக்கிறது. அந்த விதி அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாஷ்போர்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நாசி, எவ்வளவு?"

"வணக்கம். பண்ணைக் காற்று வீசும் பக்கத்தில் இருக்கும் காலனியில் அமோனியாக் குறியீடு தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றேழுக்குள் இருக்கும் என்று மதிப்பிடுகிறேன்."

அரசாங்கம் அனுமதித்த அளவு நூறு. பாஸ். நாமக்கல்லுக்குப் போய் மதியச் சாப்பாட்டை ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடலாம்.

நாசி என்பது மாநிலத்தின் அத்தனை மாட்டுத் தொழுவத்தையும் நெல்வயலையும் கோழிக் கொட்டகையையும் முகர்ந்து பார்க்கும் கணிப்பொறி. மூக்கு கிடையாது. வானத்திலிருந்து எடுத்த படம், கோழிகளின் எண்ணிக்கை, தீவனம், வெயில், காற்று இவற்றையெல்லாம் போட்டுக் கணக்குப் பண்ணும். அதனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் 'இதிலிருந்து இதற்குள்' என்றுதான் சொல்லும். ஒரே ஓர் எண்ணைச் சொல் என்று தலைகீழாக நின்றாலும் சொல்லாது.

சட்டத்துக்கு இது சரிப்படவில்லை. 'இதிலிருந்து இதற்குள்' என்றால் கோர்ட்டில் எதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது? தப்பாகிப்போனால் யாரைப் பிடிப்பது? அதற்காக ஒரு பதவியை உண்டாக்கினார்கள். ஒற்றை எண் அலுவலர். நாசி சொல்லும் வரம்புக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. காற்றுக் கணிப்பு வாரியத்தில் இப்படி நானூறு பேர் இருந்தார்கள். நானூறு பேரும் என்ன செய்வார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள அவசியமே இல்லை. நடு எண்ணைப் போடுவார்கள். மேலே போட்டால் பண்ணைக்காரன் கேஸ் போடுவான். கீழே போட்டால் ஊர்க்காரன் கேஸ் போடுவான். நடுவில் போட்டவன் மீது இதுவரை யாரும் கேஸ் போட்டதில்லை.

பண்ணை முதலாளி செங்கோட்டுவேல் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல எளநி சாப்புடுங்க. பாஸுங்களா, பெயிலுங்களா?"

"பாஸுங்க."

"எவ்வளவுங்க?"

"தொண்ணூத்தஞ்சு."

"அடேயப்பா! பத்தாவதுல கூட நான் இப்படி மார்க்கு வாங்குனதில்லைங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். இதே ஜோக்கை இந்த வாரத்தில் மூன்றாவது பண்ணையில் கேட்கிறாள்.

கொட்டகைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுக்கடுக்காகக் கூண்டுகள், கூண்டுக்குக் கீழே எருக் குவியல். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய், வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு வந்தபோது, கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் துணிக் கட்டு, கையில் முட்டை அட்டை. பண்ணையில் வேலை பார்ப்பவள்.

"ஏனுங் மேடம், ஒரு நிமிசமுங்க."

"சொல்லும்மா."

"என்ற பேரு மோனிஷாங்க. இங்கதான் முட்டை பொறுக்கறேன். ஊடு அந்தக் காலனிதானுங்க. என்ற வூட்டுக்காரரு பரணியும் இங்கதான், தீவன லாரி ஓட்டறாரு." வேகமாகச் சொன்னாள், யாராவது வந்துவிடுவார்களோ என்பதுபோல. "எம் புள்ள தியாவுக்கு அஞ்சு வயசு. வீசிங்கு. வாரத்துல பாதி நாள் ஆவி புடிக்கற மிஷின்லதான் கெடக்கறா. டாக்டருகிட்டக் கேட்டா, காத்தாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், காத்து எப்படின்னு வாரியத்துக்காரங்களத்தான் கேக்கணும்னுட்டாருங்க."

ஹேமாவதி ஜீப் கதவில் கை வைத்தாள்.

"பண்ணைய மூடுங்கன்னு நான் கேக்கலைங்க. சாமி சத்தியமா மூட மட்டும் வச்சிராதீங்க. எங்க காலனியே இத நம்பித்தான் அடுப்பு பத்த வைக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். திருப்பூர்ல என்ற நாத்தனா இருக்கறா. புள்ளையக் கூட்டிக்கிட்டு அங்க போயிரட்டுமா, இங்கயே இருக்கட்டுமா? போனா நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். சும்மா போக முடியுங்களா? காத்து காரணம்னா போறேன். இல்லைன்னா இருக்கறேன். என்ற காதுல மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"தொண்ணூத்தஞ்சும்மா. நூறுக்குள்ளதான் இருக்கு. பயப்படாத."

மோனிஷா தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அது அளந்து பாத்ததுங்களா மேடம்?"

"ஆமாம்மா," என்று சொல்லிவிட்டு ஹேமாவதி ஜீப்பில் ஏறினாள்.

வாய் தானாகச் சொன்ன பதில். இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில்.

* * *

கையெழுத்துத் திரை திறந்திருந்தது. தொண்ணூற்றைந்தைத் தட்டி, கட்டைவிரலை வைத்தால் முடிந்தது. விரல் திரைக்கு மேலே போய் நின்றது.

"நாசி, இந்தப் பண்ணையில கடைசியா எப்ப நேரடியா அளந்தாங்க?"

"இந்தப் பண்ணையில் நேரடி அளவீடு நடந்ததில்லை."

"சரி, பக்கத்துல?"

"இந்த மாவட்டத்தில் சில கொட்டகைகளில் உணர்கருவிகள் இருந்தன. அமோனியா அவற்றை அரித்துவிட்டது. புதியவை வைக்கப்படவில்லை."

ஹேமாவதி சீட்டில் சாய்ந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாசி சொல்லும் வரம்புகள் அகலமாக இருந்தது ஞாபகம் வந்தது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவில் ஊரே அடங்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, இப்போது நான்கு எண்ணுக்குள் வந்து நிற்கிறது. விஞ்ஞானம் முன்னேறுகிறது என்று வாரியத்தில் கேக் வெட்டினார்கள்.

"கருவியே இல்லாம உனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாத் தெரியுது?"

"ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஏராளமான அளவுகள் வருகின்றன. அவற்றிலிருந்து கற்றுக்கொள்கிறேன்."

"யார் அனுப்பறாங்க?"

"நீங்கள்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"ஒற்றை எண் அலுவலர்கள் கையெழுத்திடும் எண்கள் 'உறுதி செய்யப்பட்ட அளவு' என்ற தலைப்பில் என்னிடம் சேர்கின்றன," என்றது நாசி, வழக்கமான மரியாதையோடு. "தொடக்கத்தில் என் வரம்பு அகலமாக இருந்தது. ஆனால் உறுதி செய்யப்பட்ட அளவுகள் எல்லாம் அதன் நடுவிலேயே விழுந்தன. ஆகவே வரம்பைக் குறைத்தேன். மறு ஆண்டும் நடுவிலேயே விழுந்தன. மேலும் குறைத்தேன்."

வெளியே காற்று ஒரு வேப்பமரத்தை அசைத்துவிட்டுப் போனது. சோம்பலுக்கும் பயத்துக்கும் நானூறு பேர் போட்ட நடு எண். அதை அளவு என்று நம்பி, அந்த இயந்திரம் தன் சந்தேகத்தையே வருஷா வருஷம் கழற்றி வீசியிருக்கிறது.

"அது அளவு இல்ல நாசி. நாங்க சும்மா நடுவுல போட்டது."

"உறுதி செய்யப்பட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?"

குற்றம் சாட்டும் தொனியில்லை. சந்தேகம் கேட்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் தொனி. அதுதான் தாங்க முடியவில்லை.

"எங்க கையெழுத்தையெல்லாம் எடுத்துட்டு, இந்தப் பண்ணைக்கு மட்டும் கணக்குப் போடு."

திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது.

"நாற்பதிலிருந்து இருநூற்று முப்பதுக்குள்."

அதாவது, ஊர் சுத்தமாகவும் இருக்கலாம். அல்லது அந்தக் காலனி அனுமதித்ததைப்போல் இரண்டு மடங்கை மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கலாம். அதாவது, ஒன்றுமே தெரியாது.

* * *

பிரணவ் அவளுடைய மேலதிகாரி. அவளைவிட இருபது வயது சின்னவன். போனை எடுக்கும்போதே உற்சாகமாக எடுப்பான்.

"சொல்லுங்க மேடம், ஊஞ்சப்பாளையம் முடிஞ்சுதா?"

சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அவன் நடுவில் ஒரு 'ம்' கூடப் போடவில்லை. முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"இது எனக்குத் தெரியும் மேடம்."

"தெரியுமா!"

"தெரியும்னா, இப்படி இருக்கலாம்னு ஒரு டவுட்டு. கேட்டுப் பாக்கல. கேட்டா அது பதில் சொல்லித் தொலைச்சிரும்." குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுப் பாருங்க. நூத்தி மூணு, நூத்தி நாலுன்னு சொல்லி எத்தனை பண்ணைய மூடியிருக்கோம்? தொண்ணூத்தெட்டுன்னு சொல்லி எத்தனை ஊரு ஜனத்தத் திருப்பி அனுப்பியிருக்கோம்? அத்தனை பேரும் வந்து வாசல்ல நின்னா, நீங்க பதில் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? இந்தியாவுலயே குறைவான சந்தேகம் நம்ம மாவட்டத்துக்குத்தான்னு ஷீல்டு வேற வாங்கி வச்சிருக்கோம்."

"ஷீல்ட விடுப்பா. நான் இதுக்கு என்னன்னு கையெழுத்துப் போடறது?"

"தொண்ணூத்தஞ்சு."

"நாற்பதிலிருந்து இருநூத்தி முப்பதுன்னு எழுதித் தரேன். அதானே நிஜம்."

"திரை ஏத்துக்காது மேடம். ஒரு எண்ணுதான் ஏத்துக்கும். எண் இல்லைன்னா நேரடி அளவீடு. அதுக்குக் கருவி ஒண்ணே ஒண்ணு சென்னையில இருக்கு. வரிசையில நின்னா வருஷம் ஆகும். அதுவரைக்கும் எண் இல்லாத பண்ணை ஓடக் கூடாதுன்னு விதி. கோழியெல்லாம் வேற ஊருக்கு லாரில ஏறிடும். அந்தப் பொண்ணு மூடாதீங்கன்னு கெஞ்சுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹேமாவதி காலனிப் பக்கம் பார்த்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்குங்க. ரெஸ்ட் எடுங்க மேடம், குரலே ஒரு மாதிரி இருக்கு," என்று போனை வைத்தான். கெட்டவன் இல்லை. அவனும் களைத்துப் போயிருக்கிறான், இளமை இருப்பதால் வெளியே தெரிவதில்லை.

ஹேமாவதி ஜீப்பைக் கிளப்பினாள். நாமக்கல் சாலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் காலனிப் பக்கம் ஓட்டினாள். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. யாரிடம் பொய் சொன்னாளோ அவள் வீட்டைத் தாண்டிப் போக அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை.

விசாரித்துப் போனபோது மோனிஷா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது. மூக்கில் பிளாஸ்டிக் மூடி, அதிலிருந்து புகை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

"உக்காருங்க மேடம்," என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் நகர்த்தினாள்.

"மோனிஷா, காலையில நான் சொன்னது தப்பு. அளந்து பாக்கல."

மோனிஷா மிஷினின் குழாயை நேராக்கினாள்.

"அப்ப எவ்வளவுங்க?"

"தெரியாது."

"கூடயா, கொறச்சலா?"

"அதுவும் தெரியாதும்மா. எங்க யாருக்குமே தெரியாது."

மோனிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று ஹேமாவதி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"இத்தன வருசத்துல, இந்த ஆபீசருமாருக வாயில தெரியாதுங்கற வார்த்தைய இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்," என்றாள் மோனிஷா. குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "தொண்ணூத்தஞ்சுன்னா இங்கயே இருந்திருப்பேன். தெரியாதுன்னா நான் எதுக்குங்க எம் புள்ளைய வச்சுப் பரீட்சை பாக்கணும்? நான் கெளம்பறேன்."

"உன் வீட்டுக்காரர்?"

"மொதல்ல குதிப்பாரு. அப்பறம் பஸ் ஏத்தி உட வருவாரு."

* * *

மாசக் கடைசி வந்தது. ஊஞ்சப்பாளையத்துக்கு எண் மட்டும் வரவில்லை. பிரணவ் இரண்டு முறை நினைவூட்டினான், மூன்றாவது முறை கெஞ்சினான்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மோனிஷாவின் போன் வந்தது. திருப்பூரில் தையல் மிஷின்களின் சத்தம் பின்னால் கேட்டது.

"மேடம், நல்லா இருக்கறீங்களா? தியா ராத்திரியில தூங்கறாளுங்க. அந்த ஆவி மிஷின அலமாரி மேல தூக்கி வச்சாச்சு. மாடிப்படி ஏறி எறங்கி நாத்தனா புள்ளைககூட ஒரே ரகளை. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

"சந்தோஷம்மா. நீ எப்படி இருக்க?"

"நான் எப்படியோ இருக்கறேன் போங்க. அவரு ஒருத்தரே பொங்கித் தின்னுக்கிட்டு அங்க கெடக்கறாரு. சரி, வச்சிரட்டுங்களா?"

ஹேமாவதி டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். மேஜையிலிருந்து நாசியின் குரல் வந்தது.

"அலுவல் தொலைபேசி என்பதால் உரையாடல் எனக்கும் கேட்டது. பதிவு செய்துகொள்ள அனுமதி வேண்டும்."

"எதை?"

"குழந்தை இடம் மாறியது. மூச்சுச் சீரானது. ஊஞ்சப்பாளையம் பண்ணையைப் பற்றி எனக்குக் கிடைத்திருக்கும் முதல் நேரடி அளவீடு இதுதான்."



"அது அளவீடு இல்ல. குழந்தை. மழைக்காலம் போனதாலயும் சரியாகியிருக்கலாம்."

"உண்மை. ஆகவே அதற்கு மிகச் சிறிய மதிப்பே கொடுக்கிறேன். முன்பு நாற்பதிலிருந்து இருநூற்று முப்பது. இப்போது ஐம்பத்தைந்திலிருந்து இருநூற்று முப்பது."

ஒரு குழந்தை ராத்திரி ராத்திரியாக இழுத்த மூச்சுக்குப் பதினைந்து எண் நகர்ந்திருக்கிறது.

கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"நூறுக்கு மேலயா கீழயான்னு நீ நிச்சயமாச் சொல்லணும்னா, இன்னும் எத்தனை குழந்தைங்க இந்த மாதிரிப் போகணும்? இல்ல, இருந்து இழுக்கணும்?"

"பதினைந்திலிருந்து அறுபதுக்குள்."

"காலனியில எத்தனை பேர் இருக்காங்க?"

"ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பத்தொன்பது பேர். போதாமல் போகலாம். பக்கத்து ஊர்களையும் சேர்க்க வேண்டியிருக்கும்." சற்று இடைவெளி விட்டு, அதே மரியாதையோடு தொடர்ந்தது. "தேவையான சான்றின் அளவையும் ஒற்றை எண் அலுவலர்தான் உறுதி செய்ய வேண்டும். ஓர் எண்ணை உள்ளிடுங்கள்."

திரையில் கட்டம் திறந்தது. கர்சர் துடித்தது. நடு எண் முப்பத்தேழரை. குழந்தைகளில் அரை கிடையாது, முப்பத்தெட்டு என்று போடலாம். அவளுடைய விரலுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, மூன்று என்ற எண் பக்கம் போய்விட்டு வந்தது.

பூஜ்யத்தைத் தட்டினாள்.

"இது வரம்புக்கு வெளியே உள்ளது," என்றது நாசி. "பூஜ்யம் என்றால் சந்தேகப்பட இருக்கும் சான்றே போதும், இனி எந்தக் குழந்தைக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று பொருள். நேரடி அளவீடு கட்டாயமாகும். கருவி வரும்வரை பண்ணை நிற்கும். நீங்கள் நிச்சயமாக இருக்கிறீர்களா?"

"இல்ல," என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தாள்.

* * *

கோழிகளை ஏற்றிக்கொண்டு கடைசி லாரி போன மறுநாள் காலை, ஹேமாவதி காலனிக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. பிரணவ் போக வேண்டாம் என்றே சொன்னான். செங்கோட்டுவேல் முதல் நாளே போனில் கத்தித் தீர்த்திருந்தார். கத்தி முடித்துவிட்டு, "எம் பேரனுக்கும் வீசிங்குதானுங் மேடம்," என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் ஜனம் வீட்டு வாசல்களில் நின்றது. ஜீப்பைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் முன்னால் வந்தான். லாரி டிரைவர். மோனிஷாவின் கணவன் பரணி.

"நீங்கதானுங்களா அந்த மேடம்?"

"ஆமாங்க."

"என்ற பொண்டாட்டி புள்ளையும் ஊர்ல இல்ல, இப்ப வேலையும் இல்ல. மிஷின் மூடச் சொல்லுச்சுங்கறாங்க. மிஷினப் போயி நான் எங்க கேக்கறது? இதுக்கு யாருங்க பொறுப்பு?"

பின்னாலிருந்து ஒரு பெண், "கேளு பரணி, நல்லாக் கேளு!" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வாரியத்தில் தயாராக வைத்த பதில்கள் உண்டு. கணிப்பு அப்படி, விதி அப்படி, மேலிடம் அப்படி. எல்லாம் நாக்கின் நுனியிலேயே இருந்தன.

"மிஷின் சொல்லலைங்க. அதுக்குத் தெரியல. எனக்கும் தெரியல," என்றாள் ஹேமாவதி. "தெரியாம ஓட விடறதா, தெரியாம நிறுத்தறதான்னு வந்தது. நிறுத்தினது நான்தான். என் கையெழுத்து. பொறுப்பு நான்தான்."

பரணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டதில் முகம் கொஞ்சம் குழம்பியது. வீட்டுக்குள் போனான். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவின் நடுவில், வெயிலில் போட்டான்.

"உக்காருங்க மேடம். மொதல்ல நான் கேட்டு முடிக்கறேன். அப்பறம் இவங்க அத்தன பேரும் கேக்கோணும். சாயங்காலம் ஆயிரும்."

ஹேமாவதி உட்கார்ந்தாள்.

"கேளுங்க," என்றாள்.